சரம் பின்னும் நூல்

மோதிய வண்டிக்கு சீட் பெல்ட்டைப் புதிதாகத்தான் மாற்றவேண்டும், ஐயா. ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட் அடுத்ததைத் தாங்குமென்று நம்பக்கூடாது. திருத்தங்கலில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். போலீஸ் கண்ணுக்குக் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தால் போதும் என்பார்கள்.

மகேஷ்குமார் முதலாளியின் கார் முன்பக்கம் நொறுங்கி வந்தது. அச்சங்குளத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனி வெடித்ததில்தான் என் மனைவி பானுப்பிரியா செத்தாள். சரவெடி பின்னுகிறவள். ஒரு கையைத்தான் கொடுத்தார்கள். வளையலை வைத்து அடையாளம் சொன்னேன். நாலு பேர் அறையில் இருபது பேரை உட்காரவைத்திருந்தார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

டிரைவர் அய்யாதுரை பக்கத்துக்குப் புது பெல்ட் போட்டேன். அவர் தொழிலாளி. முதலாளி உட்காரும் முன்சீட் இடப்பக்கத்தில் மட்டும் பட்டையின் அடித்தையலைப் பிரித்து, பானுப்பிரியா விட்டுப்போன சரம் பின்னும் நூலால் தைத்தேன். வெள்ளை நூல், அச்சாபீஸ் மையில் முக்கிக் கறுப்பாக்கினேன். கையால் இழுத்தால் தாங்கும். ஏர்பேக் ஆர்டர் வர ஒரு மாதமாகும் என்றேன். அதுவரை அது இல்லாமலே ஓட்டுகிறோம் என்று முதலாளியே போனில் சொல்லிவிட்டார்.

வண்டி எடுக்க அய்யாதுரையோடு வந்தது முதலாளி மகள் ஸ்ரீமதி.

“அப்பா வரலையா பாப்பா?”

“மோதுன வண்டி ராசியில்லைன்னு வேற வாங்கிட்டாக அண்ணே. இனி இது என் காலேஜுக்கு.”

“ராசியில்லாதது அம்புட்டும் நம்ம தலையிலதான் பாப்பா,” என்று அய்யாதுரை சிரித்தார்.

அந்தப் பெல்ட்டைக் கழற்றிப் புதிது மாட்டப் பத்து நிமிடம் போதும். அதற்குள் டீ வந்துவிட்டது.

அவள் அப்பாவின் இடத்தில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தாள். “போட்டுக்கோங்க பாப்பா, அதான் நல்லது,” என்று நானே மாட்டிவிட்டேன்.

பதினோராம் நாள், நாற்கரச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் போய்ச் செருகியது. அய்யாதுரைக்குத் தோளில் பட்டைத் தழும்பு மட்டும். ஸ்ரீமதி கண்ணாடியை உடைத்துக்கொண்டு லாரியின் இரும்பு வரைக்கும் போயிருக்கிறாள். முகம் இல்லை. வளையல் போடாத பிள்ளை. வாட்சை வைத்து முதலாளி அடையாளம் சொன்னாராம்.

பிய்ந்த தையலைப் பார்த்துவிட்டு, வாக்குமூலத்தில் ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஐயா. என் வீட்டில் அந்த வார்த்தையை ஒருவர் மேல் போட்டது போதும். அடித்துவிட்டு எழுதுங்கள்: கவனமாகத்தான் கொன்றேன்.