மாதவன் வண்டியில் கேட்ட குரல் பற்றி ஜீயபுரம் வீரமலை சொன்னது

08.02.2025 சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஸ்ரீரங்கம் காவல் நிலையத்தில் வைத்து உதவி ஆய்வாளர் ஜெஸ்லின் மேடம் விசாரிக்க, நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதியது.

என் பெயர் வீரமலை. வயது 57. தகப்பனார் பெயர் பெரியண்ணன். திருச்சி மாவட்டம் ஜீயபுரம் மேலத் தெருவில் சொந்த மாடி வீட்டில் குடியிருந்து வருகிறேன். மாடி இன்னும் எழும்பவில்லை, கம்பி விட்டிருக்கிறது. படிப்பு ஒன்பதாவது பாதி. இனிமேல் உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று வாத்தியாரே சொன்ன பிறகுதான் நின்றேன். என் மனைவி பெயர் காளியாயி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. நான் இருபத்தாறு வருடமாக வாழைப்பழ வியாபாரம் செய்து வருகிறேன். லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, உத்திர வீதிகளில் கூவி விற்பது என் தொழில். என் குரலைப் பற்றி இங்கே யாரை விசாரித்தாலும் சொல்வார்கள். மைக் இல்லாத காலத்தில் நான் வடக்கு வாசலில் நின்று பூவன் என்று ஒரு சத்தம் கொடுத்தால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் டோல்கேட்டில் பஸ் நிற்கும். இது சம்பவத்துக்குத் தேவையில்லை என்று மேடம் சொல்வதால் மேலே போகிறேன்.

புகார் கொடுத்திருக்கும் மாதவனை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். அவர் தொட்டியத்துக்காரர். அவரும் லோடு ஆட்டோவில் அதே தெருக்களில் வாழைப்பழம் விற்பவர். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது. அவருடைய ரஸ்தாளி என்னுடையதைவிட ஒரு விரல் பருமன் அதிகம், அதை நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை. அவருக்குத் தலையில் முடி அப்படியே இருக்கிறது, அதையும் வைத்துக்கொண்டதில்லை.

போன ஆவணி மாதம் நான் சிங்காரத்தோப்புப் பக்கம் ஹனீஃபா பாய் கடைக்குப் போனேன். மேற்படி ஹனீஃபா மெமரி கார்டு, பென் டிரைவ், ஹெட்செட் விற்பவர். எங்களைப் போல் தெருவில் விற்பவர்களின் குரலைப் பதிந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதும் அவர்தான். அதை வண்டியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் குழாய் ஸ்பீக்கரில் அதே பேச்சு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், தொண்டைக்கு வேலை இல்லை. எல்லோரும் அவர் கடையிலேயே நின்று பேசிவிட்டு வருவார்கள். என் குரலுக்கு அந்தக் கடை போதாது. ஆகவே விரல் நீளத்தில் ஒரு ரெக்கார்டரும் அதற்குள் போட நகம் அளவில் ஒரு மெமரி கார்டும் வாங்கிக்கொண்டேன். "முப்பத்திரண்டு ஜிபி இருக்கு வீரமலைண்ணே. ஒரு மாசம் மூச்சு விடாம பேசினாலும் ரொம்பாது" என்று ஹனீஃபா சொன்னார். எனக்கு ஒரு மாசம் போதாதே என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோட்டத்தில் வைத்துப் பதிந்தேன். பன்னிரண்டு தடவை பேசினேன், பன்னிரண்டும் நன்றாக வந்தன. எது ரொம்ப நன்றாக வந்தது என்று முடிவு செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு ரெக்கார்டர் சாதாரணக் குரலை எப்படி இழுக்கிறது என்று பார்ப்பதற்காக, இலை அறுத்துக்கொண்டிருந்த காளியாயியைக் கூப்பிட்டு, அதை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் பத்தடி தள்ளி எதிரில் நின்றுகொண்டு ஏதாவது பேசு என்றேன். அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க. இப்படி வாங்க. ரஸ்தாளி பழுத்திருக்கு. காம்பு வாடல. நல்லதா பாத்து எடுத்து வெச்சிருக்கேன், வந்து சாப்புடுங்க" என்று பேசினாள். நான் சிரித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினது போல் இருக்கிறது, போய் இலையை அறு என்று நான் சொன்னதாக அவள் சொல்கிறாள். சொல்லியிருக்கலாம். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு என்னுடைய பேச்சில் சிறந்ததை ஹனீஃபாவிடம் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். ரெக்கார்டரின் வேலை முடிந்துவிட்டதால், தை பிறந்த பிறகு அதைக் கார்டோடு மாதவனுக்கு விற்றுவிட்டேன். துபாயிலிருந்து என் சித்தப்பா மகன் கொண்டுவந்தது என்று சொல்லித்தான் விற்றேன். கார்டில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் என் கையாலேயே அழித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அது பொய் இல்லை. நான் பன்னிரண்டு தடவை பட்டனை அமுக்கி பன்னிரண்டையும் அழித்தேன். பதிமூன்றாவதாக ஒன்று இருந்தது என் கணக்கில் வரவில்லை.

அதன் பிறகு 04.02.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் நான் மேலச் சித்திரை வீதியில் ஒருவருக்குப் பூவன் சீப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வடக்குச் சித்திரை வீதி முனையிலிருந்து என் மனைவி "வாங்க, இப்படி வாங்க" என்று கூப்பிடுவது கேட்டது. காலையில் அவளை ஜீயபுரத்தில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். சீப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, இருந்தாலும் அன்று நான் ஓடியதைப் பார்த்து ஒரு ஸ்கூட்டர்காரர் ஒதுங்கி வழி விட்டார். முனையில் திரும்பினால் மாதவன் வண்டி நின்றது. அவள் அந்த வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். டிரைவர் சீட்டில் பார்த்தேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தேன்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்று மாதவன் கேட்டார்.

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கரில், நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன், வந்து சாப்பிடுங்கள் என்று அவள் மறுபடியும் சொன்னாள். வண்டியைச் சுற்றிப் பதினொரு பெண்கள் நின்றார்கள். பதினொரு பேரும் என்னுடைய வாடிக்கை. அதில் ஆனந்தவள்ளி மாமி என்பவர் இருபது வருடமாக என்னிடம் தவிர வேறு ஆளிடம் பழம் வாங்காதவர். அவர் கையில் மாதவனுடைய ரஸ்தாளி ஒரு சீப்பு இருந்தது.

"வீரமலை, தப்பா எடுத்துக்காதே. நீ கத்தினா எங்காத்துல கொழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்துண்டுடும். இவ கூப்பிட்டா சாப்பிட எலை போட்டாச்சுன்னு கூப்பிடறாப்ல இருக்கு. யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று மாமி கேட்டார்.

யாரோ தெரியவில்லை என்று சொன்னேன்.

மாதவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க குடுத்த கார்டுலதாண்ணே இருந்துச்சு. கம்பெனியிலயே ரெடிமேடா போட்டு வெச்சிருப்பாங்க போலன்னு பாய்கிட்ட குடுத்து ஏத்திக்கிட்டேன். நேத்துதான் வண்டியில மாட்டுனேன். தொண்டையில என்னமோ வெச்சிருக்குண்ணே அந்தம்மா" என்று சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் காளியாயியிடம் சத்தம் போட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தை முழுவதும் கேட்ட பிறகு, "வித்துட்டு வந்தது யாரு, நானா?" என்று கேட்டாள். அதன் பிறகு கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, "நல்லா இருக்காமா?" என்றாள். சுமார்தான் என்றேன். "ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. ரோட்டுல வெச்சுக் கேக்கணும். நான் கேட்டதே இல்லீல்ல" என்றாள். வண்டியில் இடம் இல்லை என்று சொன்னேன். வண்டியில் இடம் இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்கு வியாபாரம் குறைந்தது. நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் பக்கத்துத் தெருவில் என் மனைவி அடுத்தவன் வண்டியில் இருந்துகொண்டு ஊர் ஆட்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூக்கட்டுகிறவர், ரிடையர் ஆன பேங்க் மேனேஜர், யாத்திரை வந்த வெளியூர்க்காரர் என்று ஒரு ஆள் பாக்கி இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் என்னை ஒரு நாளும் அந்தக் குரலில் அவள் கூப்பிட்டதில்லை. இதையும் எழுத வேண்டுமா என்று ஏட்டு கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு 07.02.2025 அன்று தை கடைசி வெள்ளி. வெற்றிலை பாக்கு பழம் இல்லாமல் ஒரு வீட்டிலும் விளக்கு வைக்க மாட்டார்கள், எங்களுக்கு அது பெரிய நாள். மதியம் ஒரு மணிக்கு மாதவன் அம்மா மண்டபம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் போய் அவருடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து பென் டிரைவை எடுத்துவிட்டேன். அத்தோடு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது கேட்கட்டும் ஊர், நல்ல குரல் எது என்று நினைத்து, என்னுடைய பென் டிரைவை அதில் செருகிவிட்டு வந்தேன்.

மாதவன் சாப்பிட்டுவிட்டு வந்து சுவிட்சைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். "ஜீயபுரம் வீரமலை வந்துட்டாரு. மத்த வண்டிப் பக்கம் போயி ஏமாறாதீங்க" என்று அவர் வண்டியே ஒன்றரைத் தெரு தூரம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது. அதன் பிறகு அவர் என் வண்டிக்கு வந்து கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "அப்ப ஒங்க வண்டி ஏண்ணே ஊமையா நிக்குது?" என்று கேட்டார். அவர் என் சட்டையைப் பிடித்தார், நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். என்னைப் பிடித்து நிறுத்த ஏழு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டு பேர்தான் என்று மாதவன் சொல்வது அவர் அபிப்பிராயம்.

மேற்படி பென் டிரைவை நான் நேற்று மாலை கொள்ளிடம் பாலத்தில் நின்று ஆற்றில் எறிந்துவிட்டேன். அது தண்ணீர் மேல் ஆறு தடவை குதித்துப் போய் முழுகியது. பிப்ரவரி மாதம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏது என்று மேடம் கேட்டார். மணல் மேல் குதித்தது என்று எழுதிக்கொள்ளலாம் என்றேன். பொருள் கிடைக்காவிட்டால் கேஸ் போட வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்று மேடம் சொன்னார். கேஸ் போட்டாலும் மாதவனுக்கு அதைத் திருப்பித் தருவதற்கில்லை என்றேன்.

இவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனைவி காளியாயி டிபன் கேரியருடன் நிலையத்துக்கு வந்தாள். நான் சொன்னதை ஏட்டு அவளுக்குப் படித்துக் காட்டினார். "ஆத்துலயும் எறியல, சேத்துலயும் எறியல. சட்டைப் பையில வெத்தலைப் பொட்டலத்துக்குள்ள பாருங்கம்மா. நேத்து பொழுது சாயற வரைக்கும் வண்டி கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு, காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. வாசல்ல நின்னா ஒண்ணும் கேக்கல, இவரு வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது" என்று சொன்னாள்.

ஆகவே கொள்ளிடம் பற்றி மேலே சொன்னதை அடித்துவிடும்படி கேட்டேன். அடிக்கக் கூடாது, திருத்திச் சொல்லுங்கள் என்றார்கள். திருத்திச் சொல்கிறேன். பென் டிரைவ் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். நேற்று அதை எத்தனை தடவை கேட்டேன் என்பதை நான் எண்ணவில்லை. பதினேழு தடவை இருக்கும்.

அதன் பிறகு அது அதே பென் டிரைவ்தானா என்று பார்க்க ஏட்டு அதை கம்ப்யூட்டரில் செருகிப் போட்டார். வெளியே மனு கொடுக்க நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காளியாயி டிபன் கேரியரை மேஜை மேல் வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதன் பிறகு என்னைப் பார்த்து, "தகர டப்பாவா இது?" என்று கேட்டாள்.

"அக்கா, நீங்களா? சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்று, புகார்தாரராக அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதவன் எழுந்து நின்றுவிட்டார். பொருள் கிடைத்தால் போதும், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அக்கா சம்மதித்தால்தான் இனி வண்டியில் போடுவேன் என்றார்.

"போட்டுக்க தம்பி. நல்லா வித்தா சரி" என்று அவள் சொன்னாள். அப்படியானால் என் கதி என்ன என்று நான் கேட்டேன். "நீங்க கேட்டா ஒங்களுக்குப் புதுசா பேசித் தரேன். ஆனா வாயத் தொறந்து கேக்கணும்" என்றாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் ஏட்டு, நான் முன்னால் சொல்லி எழுதிய வரியை, முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை என்ற வரியை, யாரும் கேட்காமலே படித்துக் காட்டினார். காளியாயி டிபன் கேரியரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதன் பிறகு, "அன்னிக்குத் தோட்டத்துல எனக்கு எதிர்ல நின்னது யாரு? மரமா?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வரவில்லை. என் குரல் அப்போது சரியாக இல்லை, தூசி காரணம். ஆகவே எழுத்து மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி காளியாயி என் வண்டிக்கும் பேசித் தரும்படி இந்த வாக்குமூலத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று சிரித்தது தவறு. பேசும்போது நான் எதிரில் நிற்பேன். மேலும் மாதவன் வண்டியும் என் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நிற்கக் கூடாது என்று மேடம் உத்தரவு போட வேண்டும். அது போலீஸ் வேலை இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். இருந்தாலும் எழுதி வைக்கவும்.

எழுதியதை ஏட்டு எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். டோல்கேட்டில் பஸ் நின்றது, ஏழு பேர் பிடித்தது, ஆறு தடவை குதித்தது ஆகிய மூன்றைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது நடந்தபடி உண்மை என்று ஒப்புக்கொண்டு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பெ. வீரமலை

சாட்சி: காளியாயி, க/பெ வீரமலை, ஜீயபுரம். இடது கைப் பெருவிரல் ரேகை.
மேற்படி கோரிக்கையை வாசிக்கக் கேட்ட சாட்சி, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, பாப்பம்" என்று சொன்னது சாட்சி விருப்பப்படி சேர்க்கப்பட்டது.