பேர் சொல்லாத மூளை

இல்ல தங்கச்சி, கதிர்காமத்துக்கு மொட்ட போட்டதில்ல. கொழும்பு ஆசுபத்திரியில சிரைச்சது. சுனாமிக்குள்ள ஒரு தென்னங்குத்தி மண்டையில அடிச்சதிலரிந்து எனக்கு வலிப்பு. யுத்தம் முடிஞ்சு றோட்டுத் திறந்தாப்போலதான் பெரிய டொக்டரிட்டக் காட்டக் கிடைச்சது. முன்னம் ஒருக்கா செக்பொயின்றில விழுந்தன். பாவம், அந்த ஆமிக்காரன் பயத்தில என்ட கைய புடிச்சிக்கிட்டு அழுதிட்டான்.

ஓம் புள்ள, மண்டையத் துறந்துதான். மூளைக்கு மேல சின்னச் சின்னக் கம்பித் துண்டு வெச்சு மூடிட்டு, வயர வெளியால எடுத்தாங்க. மூளையில ஓடுற கரண்ட அது புடிச்சு மிசினில கோடு கோடாக் கீறும். நான் கட்டில்ல இரிந்து பிளேன்டி குடிக்கன், என்ட மூளை அங்கால படம் கீறுது.

பிறகு டொக்டர் ஒவ்வொரு கம்பியிலயும் துளிக் கரண்ட் விட்டுட்டுக் கேள்வி கேப்பார். வாய் நிண்டா அதுதான் கதைக்கிற இடமாம், கத்தி வெச்சா ஆபத்தாம். முதல் கேள்வி என்ன தெரியுமா? புருசன்ட பேர். கலியாணம் முடிச்ச நாள்தொட்டு அந்தாள்ற பேர நான் சொன்னதில்ல. வாய மூடிக்கிட்டன். டொக்டருக்குச் சந்தோசம், இடத்தப் புடிச்சிட்டாராம். அடுத்த கம்பி. புருசன்ட பேர்? மூச்சு விடல்ல நான். அதுக்கடுத்ததும் அப்படித்தான். மனிசன் வேர்த்துப்போனார். இவ்வளவு பெரிய கதைக்கிற இடம் அவர் கண்டதே இல்லயாம்.

சிரியாத புள்ள, படகு ஆடுது.

நம்மட பக்கத்து நேர்ஸ் ஒராள், சர்மிலா எண்டு, அவதான் விளங்கிக்கிட்டு மீன்ட பேரக் கேக்கச் சொன்னா. திரளி, செல்வன், மணலை, கொய் எண்டு தொடங்கினன். டொக்டர் போதும் போதும் எண்டு கும்பிட்டார்.

ஒரு கம்பியில மட்டும், இறால் எண்டு சொல்ல வாயத் துறந்தன். இறால் கண்ணுக்குள்ள நிக்கி, சொல்லு வரல்ல. பயந்திட்டன். வலிப்புத் துவங்கிறதும் அந்த இடத்திலதானாம்.

வெட்டினா வலிப்புப் போகும். கதை பேச்சும் கூடப் போகலாமாம். வெட்டாட்டி ஒரு நாள் அடுப்புக்குள்ளயோ வாவிக்குள்ளயோ விழுந்து முடிஞ்சிருவன். ஓம், வெட்டச் சொல்லிட்டன். கம்பியெல்லாம் களட்டிட்டாங்க, வெட்டுறது வாற மாசம்.

அந்தாளுக்கு இன்னும் சொல்லல்ல. அந்தா, துறையில குடையோட நிக்கார், நீலச் சாறன், அவர்தான். இஞ்சரிந்து கூப்பிட்டாக் கேக்கும் என்ன? பொறு.

வினாயகமூர்த்தி. இஞ்ச, வினாயகமூர்த்தி.

பாரன், ஆர் கூப்பிட்டதெண்டு பின்னால திரும்பிப் பாக்கார்.