விடுபட்ட இரண்டு மணி நேரம்

– பேச்சை மாத்தாதீங்க. பிளேன் கிளம்பினது எத்தனை மணிக்கு?

– அங்க காலைல ஆறு மணிக்கு. முதல்ல உள்ள விடு டீச்சர், செருப்பைக்கூடக் கழட்டல.

– வாசல்லயே நில்லுங்க. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பறக்க நாலு மணி பத்து நிமிஷம். அங்கத்த கடிகாரத்தைவிட நம்ம கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தி. இறங்கினது பதினொன்னு நாப்பது. சரியா?

– கட்டின புருஷனைக் கணக்கா போர்டுல எழுதிப் போட்டுட்டியே...

– சரியாங்கறேன்!

– சரி.

– பெட்டி வர ஒரு மணி நேரம். ரோட்டுல நாப்பது நிமிஷம். ஒன்னு இருபதுக்கு மணி அடிச்சிருக்கணும். இப்ப மூணு இருபது. ரெண்டு மணி நேரம் எங்க போச்சு?

– டிராஃபிக் டீச்சர்.

– போன தடவையும் அதே ரெண்டு மணி நேரம். அதுக்கு முந்தின தடவையும் அதே. டிராஃபிக் என்ன உங்களுக்குன்னு டைம்டேபிள் போட்டுக்கிட்டு வருதா?

– சத்தம் போடாத, பாப்பா தூங்குவா.

– பாப்பா ஸ்கூல்ல இருக்கா! அவளுக்கு வெளிநாட்டுப் பொம்மைன்னு போன தடவை கரடி கொண்டு வந்தீங்களே, நேத்து அதைக் கழுவினேன். அடியில நம்ம பஸ் ஸ்டாண்டுக் கடை ஸ்டிக்கர். எவ வாங்கிக் குடுத்தா?

– எவளும் இல்ல, சத்தியமா.

– பின்ன யாரு?

– சொன்னா பெட்டியோட என்னைத் திருப்பி அனுப்பிடுவ.

– சொல்லலன்னாலும் அதான் நடக்கும்.

– உங்கப்பா.

– என்னது?

– உங்கப்பாதான்.

– கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும், "இரும்பு ஒட்டற பயலுக்கா என் பொண்ணு"ன்னு கேட்டாரே, அவரா? உங்க மானத்துக்காகத்தானே ஏழு வருஷமா அந்த மூஞ்சிய நான் பாக்கல! நீங்க அவர்கூட உக்காந்து...

– டீ குடிச்சேன், ஆமா. மொத தடவை லீவுல வந்தப்ப ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றேன், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அந்த மாசம் எனக்கு லீவுன்னு யாரோ சொல்லிருக்காங்க, தேதி தெரியல. அங்கேருந்து தினம் ஒரு பிளேன்தானே. ஒம்பது நாளா வந்து நின்னிருக்கார்.

– நடிப்பு.

– பாப்பா போட்டோவைக் காட்டுவேன். ரெண்டு மணி நேரமும் அதையேதான் பாப்பார். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டார், பயம்.

– கேக்க வாய் ஏது அவருக்கு? இப்ப எங்க?

– ஏர்போர்ட்லயேதான். வீடு சேந்துட்டேன்னு நான் போன் பண்ற வரைக்கும் கிளம்ப மாட்டார். நீதான் வாசல்லயே பிடிச்சு நிறுத்திட்டியே, இன்னும் பண்ணல.

– பண்ணாதீங்க.

– டீச்சர், வயசானவர், எவ்வளவு நேரம்தான் நிப்பார்...

– பண்ணாதீங்கன்னா பண்ணாதீங்க! பெட்டிய உள்ள தள்ளிட்டு டாக்சியக் கூப்பிடுங்க. போற வழியில பாப்பாவை ஏத்திக்கலாம். நாப்பது நிமிஷம்தானே? அந்த மனுஷனை நேர்ல நிக்க வச்சு நல்லா நாலு வார்த்தை கேக்கணும்.