என் கிணற்றுத் தண்ணீரில் போட்ட காப்பி

மேடையில் வீற்றிருக்கும் ஷேக் அவர்களே, ஊர்த் தலைவர் ஹாஜி மித்வல்லி அவர்களே, நம் கூட்டுறவுச் சங்கத்து விவசாயிகளே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இன்ஜினியரின் துணைவியாரே!

இன்ஜினியர் மாமூன் ஷர்னூபி மறைந்து இன்று நாற்பதாம் நாள். சங்கச் செயலாளன் என்பதால் என்னைப் பேச அழைத்தீர்கள். அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

இருபத்தாறு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும், மோட்டார் சைக்கிளில் வந்து நம் கிணறுகளில் கயிறு இறக்கி உப்பை அளந்தவர் அவர். கடல் உயர்கிறது, மழை குறைகிறது, நாமோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோம். மண்ணுக்கடியில் கடல் உள்ளே வருகிறது என்று அன்றே சொன்னார்.

"கடலுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிடுங்களேன் இன்ஜினியர்!" என்றார் நம் ஹாஜி.

"அனுப்பியாச்சு ஹாஜி. பதிலை உங்க கிணத்துக்கே நேர்ல வந்து சொல்லுதாம்."

நாம் என்ன செய்தோம்? கரையோர மணல்மேட்டை அள்ளி வயலில் கொட்டினோம். உப்பு வேரைத் தொடாதபடி வயலை உயர்த்தினோமாம்! கடலைத் தடுத்த மேடு அது! மழைநீரைத் தன் வயிற்றில் காத்த மேடு அது!

கிழக்கு மேட்டை வெட்டலாமா என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே சங்கக் கூடத்தில்தான் கூடினோம். அவர் என் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றி என்முன் வைத்தார்.

"நீ படிச்சவன். குடிச்சுப் பாத்து நீயே சொல்லு."

குடித்தேன். நாக்கு சுருண்டது. "சர்க்கரை போட்டீங்களா இன்ஜினியர்? இப்படித் தித்திக்குது!" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மேடு போயிற்று.

ஏன் பொய் சொன்னேன்? தாழ்ந்த வயல் என்னுடையது; மணல் எனக்கு வேண்டும். அது மட்டுமா? இருவரும் ஒரே கல்லூரி. நான் கேட்ட நீர்த்துறை வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தக் காந்தல் ஆறவே இல்லை. அன்று கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்:

"எம்மேல கோவம்னா என்னைத் திட்டுடா. கிணத்த எதுக்கு இழுக்கற?"

அடுத்த குளிர்காலத்துப் புயலில், மேடு இருந்த இடம் வழியே அலை வந்தது. கொய்யா மரங்கள் நின்றபடியே காய்ந்தன. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சனிக்கிழமை வந்தார், கயிற்றை இறக்கினார், போனார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

பெரியோர்களே! மேற்கு மேட்டையும் வெட்ட அனுமதி கேட்டு நீங்கள் தந்த மனு என் சட்டைப்பையில் இருக்கிறது. ஹாஜியின் கையெழுத்துதான் முதல். அதை நான் சங்கத்தின் முன் வைக்கமாட்டேன். டிராக்டர் வந்தால் குறுக்கே நிற்பேன். அவருடைய கயிற்றையும் உப்பை அளக்கும் மானியையும் துணைவியாரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். "பொய்யா எழுதினா அன்னைக்கே திருப்பிக் குடுத்துடணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். சனிக்கிழமை என் கிணற்றில் தொடங்குகிறேன். அளவை இந்தக் கூடத்தின் கதவில், சுண்ணக்கட்டியால், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவேன்.

கடைசியாக ஒன்று. சற்றுமுன் காப்பி குடித்தீர்கள். துக்கக் காப்பிக்குச் சர்க்கரை இல்லை. அதைக் குறை சொல்லும் வழக்கமும் இல்லை. என் கிணற்றுத் தண்ணீரில் அதைப் போடச் சொன்னவன் நான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மாமூன், ஆறு ஆண்டு தாமதமாக என் பதில்: உப்பு.

இப்போது நீங்கள் எழுந்து சொல்லுங்கள் ஹாஜி. காப்பி எப்படி இருந்தது?