யூ.பி.எஸ். கத்தவில்லை

வாஷிங் மெஷின் சத்தம் எனக்குப் பிடிக்கும். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அதுவே காட்டிவிடும். மனிதர்களிடம் அந்த வசதி இல்லை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்கள். வீட்டு மாடியின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, கரண்ட் போனாலும் கணினி அணையாமல் இருக்க மேசைக்கடியில் ஒரு யூ.பி.எஸ். 'வேலை பளு' என்று அச்சாகி வந்தால் நடுவில் ஒரு 'ப்' சேர்க்க வேண்டும். கண் இதைத் தவறவிடும். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் காது பிடித்துவிடும். அதற்கு அமைதி வேண்டும். நான் கேட்டது அது ஒன்றுதான்.

மச்சான் பையோடு வந்தார். என் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். தன் மனைவிக்கும் அவரே கற்றுத்தந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அன்று காலை அக்கா காரை அவர்கள் வீட்டுக்குள் நிதானமாகத் திருப்பினார். கேட் மூடியிருந்தது. மச்சான் கத்தினார். அக்கா பதிலுக்குக் கத்தினார். "கத்தாதே" என்றார் மச்சான். "நான் கத்தலை, பேசுறேன்" என்றார் அக்கா. கத்துவதா பேசுவதா என்பதில் தொடங்கியது, மச்சானின் சட்டைகள் வாசலுக்கு வருவதில் முடிந்தது.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுறேன் மாப்ள" என்றார்.

பின்னறையில் அவருக்கு மடக்குக் கட்டில் போட்டோம். என் நாற்காலிக்கு நேர் பின்னால்.

அவர் கெட்டவர் அல்ல. சாப்பிடும்போது என் மனைவி குழம்பை ஊற்ற வந்தால் அவர் வலது கால் தரையில் பிரேக் அழுத்தும். "பார்த்து, பார்த்து, லெஃப்ட்ல வா" என்பார். அதைப் பொறுத்துக்கொண்டேன். தூக்கத்திலும் ஹாரன் அடிப்பார். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் தோள்மேல் குனிந்து, நான் திருத்தும் பக்கத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"இதுல ஒரு புள்ளி இல்லன்னா என்ன மாப்ள, குடியா முழுகிடும்?"

மச்சானிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்க முடியாது. கேட்டால் பேரன் பேத்தி காலம் வரை பேசுவார்கள். அறையே அவரை அனுப்பிவைத்தால் யார் மனமும் புண்படாது. அப்படித்தான் யோசித்தேன்.

அந்த வாரம் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

'கீ' என்று ஒரு சத்தம். பிறகு நீண்ட அமைதி. நம்பத் தொடங்கும் நேரத்தில் இன்னொரு 'கீ'. மச்சான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"என்னடா இது?"

"பேட்டரியா இருக்கும் மச்சான். இந்த அறையில இனிமே தூங்கவே முடியாதுபோல" என்றேன். வருத்தத்தோடு சொன்னேன்.

அவர் கிளம்பவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் படுத்தார். தங்கை வீட்டில் ஒரு சாமான் கத்திக்கொண்டிருக்க, அண்ணன் விட்டுவிட்டுப் போவதாவது. முதலில் வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தார். கத்தியது. கணினியைக் கழற்றி, பளு இல்லாமல் வைத்துப் பார்த்தார். கத்தியது. சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பச்சை விளக்கு, எல்லாம் சரி என்று சொன்னது. சொல்லி முடித்ததும் கத்தியது. புது பேட்டரி வாங்கிவந்து மாட்டினார். அப்போதும் அதே 'கீ'. கடைசியில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, கைகட்டி அதன் எதிரே உட்கார்ந்தார்.

'கீ.'

"மிச்சக் கரண்ட்டு" என்றார் மச்சான்.

அது மிச்சக் கரண்ட் அல்ல. சட்டைப் பொத்தான் அளவில், விட்டு விட்டுக் 'கீ' என்று கத்தும் ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது. நண்பர்களைக் கலாய்க்க என்று அட்டையில் போட்டிருக்கும். எனக்கு யாரையும் கலாய்க்கும் எண்ணம் இருக்கவில்லை. அதை யூ.பி.எஸ். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அவ்வளவுதான்.

"அண்ணிகிட்டக் கேளேன். அவங்க வேலையே இதுதானே" என்றாள் என் மனைவி.

உண்மை. அந்த யூ.பி.எஸ். செய்யும் கம்பெனியின் உதவி எண்ணில் போன் எடுப்பவர் அக்கா.

"உயிரே போனாலும் அவளைக் கூப்பிட மாட்டேன்" என்றார் மச்சான். தன்மானம் உள்ளவர். அதனால் அக்காவின் எண்ணைக் கூப்பிடவில்லை. கம்பெனியின் பொது எண்ணைக் கூப்பிட்டார். வேறு குரல் வந்தபோதெல்லாம் கட் பண்ணினார். அக்கா குரல் வந்ததும் எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"வணக்கம் சார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. என்ன உதவி வேணும் உங்களுக்கு?"

"நான்தான்."



"சொல்லுங்க சார்."

"கத்துது."

"யாரு சார் கத்துறது?"

"யூ.பி.எஸ். விடாமக் கத்துது."

"அது கத்தலை சார். ஏதோ சொல்ல வருது. என்னன்னு காது கொடுத்துக் கேட்டீங்களா?"

மச்சான் யூ.பி.எஸ்.ஸைப் பார்த்தார். "கேக்கலை" என்றார்.

"கேக்காம நீங்க என்ன பண்ணீங்க?"

"தலையில தட்டினேன்."

"தட்டக் கூடாது சார். பக்கத்துல உக்காந்து பொறுமையா கவனிங்க. சாப்பிட்டீங்களா?"

பதிவாகும் அழைப்பில் திட்ட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரிடம் அவ்வளவு தணிந்து பேசியது அன்றுதான் என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கால் பிரேக்கில் இல்லை.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"நாளைக்கும் கூப்பிடலாமா?"

"எங்க சேவை தினமும் உண்டு சார்."

அதிலிருந்து அவர் தினமும் கூப்பிட்டார். கட்டிலை யூ.பி.எஸ். பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். 'கீ' என்றால் முகம் மலரும். "மாப்ள, இன்னிக்கு ஒரு மாதிரி சோகமாக் கத்துது, கவனிச்சியா?" என்பார். அதையே அக்காவிடமும் சொல்வார். உதவி எண் அறையில் அக்காவின் தோழிகள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்களாம். நான் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த மாதம் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் ஏராளமான ஒற்றுகளை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அக்காவே நேரில் வந்தார். காரை அவரே ஓட்டி வந்திருந்தார். வாசலில் சரியாக நிறுத்தினார். மச்சான் பேசாமல் கைதட்டினார்.

அக்கா பின்னறைக்கு வந்து யூ.பி.எஸ். எதிரே குந்தி உட்கார்ந்தார். அது ஒருமுறை கத்தியது.

"பாவம்ங்க. எத்தனை நாளா இப்படிக் கத்திக்கிட்டுக் கிடக்கு. ஆபீஸ் டெக்னீஷியன்கிட்டக் காட்டுறேன். நம்ம வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

"என்னையா?" என்றார் மச்சான்.

"ரெண்டையும்தான்."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யூ.பி.எஸ்.ஸை மாடியிலிருந்து கீழே தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். கனமானது. இரண்டு கையாலும் அடியில் பிடித்திருந்தேன். ஒட்டியிருந்த பொருள் என் நடுவிரலுக்கு நேர் கீழே இருந்தது. நகத்தால் கீறினால் கையோடு வந்திருக்கும். கீறத்தான் போனேன். அப்போது அது 'கீ' என்றது. முன்னால் இறங்கிக்கொண்டிருந்த இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதை அவர்களிடமிருந்து பிரிப்பது கொடுமை என்று தோன்றியது. எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால், ஏன் நின்றது என்று கேள்வி வரும். அதையும் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

"போயிட்டு வரேன் மாப்ள" என்றார் மச்சான்.

சில நாள் வீடு அமைதியாக இருந்தது. விட்ட ஒற்றுகளையெல்லாம் பிடித்தேன்.

டெக்னீஷியன் யூ.பி.எஸ்.ஸைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லையாம். கவிழ்த்தாராம். ஒட்டியிருந்ததைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அது அவர் உள்ளங்கையிலிருந்தே 'கீ' என்றதாம். அக்காவின் தோழிகள் சிரித்த சிரிப்பு ஆபீஸ் மாடி வரை கேட்டிருக்கிறது. தன் குரலைக் கேட்பதற்காகப் புருஷன் ஒரு பொம்மையை ஒட்டிவைத்து நாடகமாடினான் என்று அக்கா முடிவு செய்தார். ஊரே கேட்கத் தன்னைக் கோமாளியாக்கிவிட்டான் என்றும்.

இன்று சாயங்காலம் மச்சான் வந்தார். ஒரு கையில் பை. இன்னொரு கையில் யூ.பி.எஸ்.

"நான் வைக்கலைன்னு தலையில அடிச்சு சொல்றேன், அவ கேக்க மாட்டேங்குறா. 'நீங்க வைக்காம வேற யார் வச்சா? உங்க தங்கச்சியா? இல்ல, அந்த வாயில்லாப் பூச்சி மாப்பிள்ளையா?'ன்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது?"

"அண்ணே, நிஜமாவே நீ வைக்கலையா?" என்றாள் என் மனைவி. அவள் குரலிலும் சந்தேகம் இருந்தது.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீயாவது நம்புறியா? நான் வைக்கலை."

"நம்புறேன் மச்சான்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த உலகத்தில் அவரைத் துளியும் சந்தேகிக்காமல் நம்புகிற ஒரே ஆள் நான்தான். அதை அவர் கண்டுகொண்டது எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அக்காவுக்கு ஒரு போன். அவர் இன்றே காரில் வந்து இவரைக் கூட்டிப்போய்விடுவார். ஆனால் அதற்கு முன் இங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மச்சான் கத்துவார். என் மனைவி கத்துவாள். அக்கா ஸ்பீக்கரில் கத்துவார், இந்த முறை பதிவு எதுவும் இல்லாமல். இவர்கள் குடும்பத்தில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் நிறுத்த மாட்டார்கள். எனக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை இருக்கிறது.

அதனால் மடக்குக் கட்டிலை விரித்தேன். தலையணை உறையை மாற்றினேன். யூ.பி.எஸ்.ஸைத் துடைத்து மேசைக்கடியில் வைத்தேன். இனி அதைத் தொந்தரவு செய்வதாக இல்லை. எந்தத் தப்பும் செய்யாமல் நிறைய அனுபவித்துவிட்டது. புதிதாக வாங்கிய இன்னொரு 'கீ'யை மச்சானின் பைக்குள், அடித்துணிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான் சொல்வது எந்த வருத்தத்தினாலும் அல்ல. ஒரு விஷயம் சரியாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான். ஆளாளுக்குக் கத்தும் இந்தக் குடும்பத்தில், தொடக்கத்திலிருந்து இன்றுவரை, ஒரு சத்தமும் எழுப்பாதவன் நான் ஒருவன்தான்.