கடைசி அஞ்சு நிமிஷம் டீசல்

இருங்க தம்பி, அந்த ஸ்பேனர கொஞ்சம் கீழ வைங்க. டிக்கியில இருக்கற அந்த ரெண்டாவது டேங்க்க கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசணும். இல்ல இல்ல, நின்னுக்கிட்டே பேசறேன், இந்த ஸ்டூல் பூரா கிரீஸ். சரி, அந்த பேப்பர விரிங்க, உக்காந்துக்கறேன்.

எங்க அண்ணன் உங்களுக்கு போன் பண்ணியிருப்பாரு. தெரியும். என் தங்கச்சி வீட்டுக்காரர், அதான் எங்க வீட்டுக்காரர், பண்ணி வச்ச கோமாளித்தனத்த எல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு, பழையபடி டீசல்ல மட்டும் ஓடற வண்டியா ஆக்கிக் குடுங்கன்னு சொல்லியிருப்பாரு. கோமாளித்தனம்னுதான சொன்னாரு? அதவிட மோசமாவா? சரி, அவர் வாய் அப்படி. நல்ல மனுஷன்தான், ஆனா அடுத்த வீட்டு விஷயம்னா அவருக்கு சோறு தண்ணி வேணாம்.

எது எப்படியோ, எனக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும் தம்பி. எங்க வீட்டுக்காரர் ஆறரை மணி பஸ்ல வந்து இறங்குவாரு. அதுக்குள்ள வாசல்ல நிக்கணும். அதான் நானே வந்தேன். ஓட்டுவேன் ஓட்டுவேன், லைசன்ஸ் இருக்கு. போட்டோவுல என்ன எனக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவுதான்.

நீங்க கேக்கறது நியாயந்தான். ஒழுங்கா ஓடிக்கிட்டு இருக்கற டீசல் கார்ல யாராவது சமையல் எண்ணெய ஊத்துவாங்களா? அதுவும் எவனோ பொரிச்சு மிச்சம் வச்ச எண்ணெய. எங்க வீட்டுக்காரர் சோப்பு கம்பெனியில ஆபீசர் தம்பி. பத்தொம்பது வருஷம். தரம் பாக்கற பிரிவு. சோப்ப ரெண்டா ஒடச்சு வெளிச்சத்துல காட்டிப் பாத்து, மோந்து பாத்து, கையெழுத்துப் போடணும். பத்தொம்பது வருஷமா அவர் சட்டைய நான் துவைக்காமலே மடிச்சு வச்சிருக்கலாம், அப்படி மணக்கும். வீட்ல பல்பு போச்சுன்னா எலக்ட்ரீஷியனுக்கு போன் போடற ஆளு அவரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாள் சாயங்காலம் வந்தாரு. ஷூவக்கூட கழட்டல. எந்த சம்பந்தமும் இல்லாம, இனிமே நம்ம கார தாவர எண்ணெயில ஓட்டப் போறேன்னாரு. அடுப்புல பால் வச்சிருந்தேன், அது பொங்கி அடுப்ப அணைச்சுடுச்சு.

ஏன்னு கேட்டா நாளுக்கு ஒரு காரணம். மொதல்ல, பூமி சூடாகுதுன்னாரு. அன்னி வரைக்கும் அந்த மனுஷன் பாத்ரூம் லைட்ட அணைச்சு நான் பாத்ததே இல்ல. அப்பறம், புத்தகத்துல படிச்சேன், டீசல் இன்ஜின கண்டுபிடிச்ச காலத்துலயே கடல எண்ணெயில ஓட்டிக் காட்டியிருக்காங்கன்னாரு. சரிங்க, அவங்க பெண்டாட்டி என்ன சொன்னாங்கன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கான்னு கேட்டேன்.

லைப்ரரியிலேர்ந்து நாலு புத்தகம். சமையல்கட்டு செவுத்துல படம் படமா வரஞ்சு ஒட்டிட்டாரு. ரேடியேட்டர்லேர்ந்து சுடுதண்ணி இப்படி வருது, டேங்க்க இப்படி சுத்துது, எண்ணெய் இளகி இப்படி இன்ஜினுக்குப் போகுதுன்னு. எனக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியல, அந்த எண்ணெய் எங்க போகுதுன்னு மனப்பாடம். எண்ணெய வடிகட்டறதுக்கு என் படுக்க விரிப்பு ரெண்டு போச்சு, தலகாணி உறை மூணு போச்சு. வடிகட்டறது எங்க? பாத்ரூம்ல. ரெண்டு தடவ வழுக்கி விழுந்தேன். ரெண்டாவது தடவ விழுந்து கெடக்கறேன், ஓடி வந்து எட்டிப் பாத்துட்டு, ஐயோ எண்ணெய் கொட்டிடுச்சான்னாரு. கொட்டலன்னு சொன்னப்பறந்தான் என்னத் தூக்கினாரு.

எண்ணெய் எங்கேர்ந்து வருதா? ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன்லேர்ந்து. சும்மாவா குடுக்கறாங்கன்னு கேட்டேன். சும்மாதான், ஆனா நேர்ல போய் நின்னு வாங்கணும்னாரு.

ஓடிச்சு தம்பி. அதுதான் அதிசயம். மொத நாள் தெருவே வெளிய வந்து நின்னுது. சைலன்சர்லேர்ந்து ஒரு வாசன வந்துது பாருங்க, பத்து வீட்ல ஒரே நேரத்துல உருளக்கிழங்கு பொரிக்கற மாதிரி. அன்னிலேர்ந்து இந்த வண்டிக்குத் தெருவுல பேரு வாணலி. வாணலி வந்துடுச்சு, வாணலி போயிடுச்சு, இப்படித்தான் பேச்சு. மூணு நாய் பின்னாடியே வரும், வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுப் போகும். ஒரு நாள் சிக்னல்ல போலீஸ்காரர் நிறுத்தி, வண்டிக்குள்ள என்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டாராம். டிக்கியத் தொறந்து காட்டியிருக்காரு. பாவம் அந்தப் போலீஸ்காரர், மத்தியானம் சாப்பிடலையாம்.

எங்க பொண்ணுக்குத்தான் தல கால் புரியல. ஸ்கூல் கண்காட்சியில அப்பா வண்டியப் படமா வரஞ்சு வச்சு, கம்பு வச்சு சுட்டிக்காட்டி அரை மணி நேரம் பேசியிருக்கா. பரிசு குடுத்தாங்க. அத வாங்கிட்டு வந்து அவர்கிட்ட நீட்டறா, அவர் வாங்காம நிக்கறாரு. என்னங்க, புடிங்கன்னேன். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. புகை பட்டுடுச்சுன்னாரு. வீட்டுக்குள்ள ஏது புகை?

அப்பறம் இந்த அஞ்சு நிமிஷக் கத. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். டீசல்ல ஸ்டார்ட் பண்ணணும், சூடானதும் சுவிட்ச்சத் தட்டி எண்ணெய்க்கு மாத்தணும், நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்ப டீசலுக்கு மாத்தி அஞ்சு நிமிஷம் ஓட்டணும். இல்லன்னா எண்ணெய் பம்புலயே நின்னு ஆறி உறைஞ்சுடும். அதனால தெனமும் வீட்டு வாசல் வரைக்கும் வருவாரு, நிறுத்த மாட்டாரு, தெருவ மூணு சுத்து சுத்திட்டு அப்பறந்தான் நிறுத்துவாரு. எதுத்த வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, நாங்க கேமரான்னு சொல்லுவோம், எதுவும் தப்பாது. உங்க வீட்டுக்காரருக்கு வீட்டுக்கு வரவே மனசில்ல போலிருக்கேன்னு கேட்டாங்க. கடைசி அஞ்சு நிமிஷம் டீசல்ல ஓடணும் அக்கான்னேன். சமாளிக்கறேன்னு நெனச்சுக்கிட்டாங்க.

இப்ப வண்டி உங்ககிட்ட வந்து கெடக்கறதுக்குக் காரணமே எங்க அண்ணன்தான். அதச் சொல்லியிருக்க மாட்டாரே உங்ககிட்ட. திங்கக்கெழம சாயங்காலம் அவர் எங்க வாசல்ல நின்னாரு. இவர் மொத சுத்துக்கு வராரு. அண்ணன் நடுத்தெருவுல கைய விரிச்சுக்கிட்டு, மச்சான், நிறுத்துங்க இந்த கேவலத்தன்னு கத்தினாரு. இவரு பயந்து அங்கயே ஆஃப் பண்ணிட்டாரு. ராத்திரி நல்ல குளிர். காலையில பம்பு, ஃபில்டர், குழாய் எல்லாம் வெண்ணெய். என்ன பண்ணாலும் ஸ்டார்ட் ஆகல. அண்ணனுக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷத்த நீங்க பாக்கணும். உடனே உங்களுக்கு போன்.

பம்ப சுத்தம் பண்ணிட்டீங்களா? டீசல்ல ஓடுதா? கை தேர்ந்தவர்தான் நீங்க. அப்ப இந்த டேங்க்கயும் குழாயயும் கழட்டி எறிஞ்சா வேல முடிஞ்சுது. அரை மணி நேரம். அதான, இவ்வளவு கஷ்டப்பட்ட பொம்பள வேற என்ன கேக்கப் போறா. இல்ல தம்பி. ஸ்பேனர கீழ வைங்கன்னு சொன்னேன்ல. கழட்டக் கூடாது. எண்ணெய் டேங்க் அப்படியே இருக்கணும், குழாய் உப்பியிருந்தா மாத்திடுங்க, எண்ணெயிலயே ஓடணும். இன்னிக்கே ஓடணும்.

சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, அதான் சுத்தி சுத்தி வரேன்.

எந்த சம்பந்தமும் இல்லாம சொன்னாருன்னு சொன்னேன்ல, அது பொய். அதுக்கு முந்தின நிமிஷம் நான் ஒண்ணு கேட்டேன். என்னங்க, சட்டையில எண்ணெய் வாசன வருதேன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டது. அதுக்கும் ஒரு மாசம் முன்னாடியிலேர்ந்தே வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. சோப்பு வாசன போயி, பொரிச்ச வாசன. கார்ல ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி தம்பி. நான் சாதாரணமாத்தான் கேட்டேன். அந்த மனுஷன் அஞ்சு நொடி என்னயே பாத்துட்டு, கார எண்ணெயில ஓட்டப் போறேன், அதான் எண்ணெய் பாத்துட்டு வந்தேன்னாரு. அப்படிச் சொல்லிட்டதுக்காக ஒரு காரயே பிரிச்சு மாட்டியிருக்காரு.

எனக்குத் தெரிஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி. கண்ணு காட்டறதுக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உக்காருங்கன்னாங்க. கேன்டீன் பக்கம் போனேன். மருந்துல எல்லாமே மங்கலாத்தான் தெரிஞ்சுது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலையில தொப்பி, இடுப்புல துணி கட்டிக்கிட்டு ஒருத்தர் கொதிக்கற எண்ணெயிலேர்ந்து கூடையத் தூக்கி உதறினாரு. உருளக்கிழங்கு ஒண்ண எடுத்தாரு. ரெண்டா ஒடச்சு வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. அப்பறந்தான் தட்டுல போட்டாரு. அது யாருன்னு தெரிய எனக்குக் கண்ணே தேவையில்ல தம்பி. கையில சூடு பட்ட தழும்பு ஒண்ணு இருக்கு, சைலன்சர் பட்டுடுச்சுன்னு சொல்லியிருந்தாரு. நான் டீ வாங்காம திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்துட்டேன். கண்ணுல மருந்து விட்டிருந்ததால அழுதது யாருக்கும் தெரியல.

சோப்பு கம்பெனிக்கு போன் பண்ணேன். அவர் பிரிவையே மூடி ஆறு மாசம் ஆச்சுன்னாங்க.

ஏன் நேரா கேக்கக் கூடாதா? கேக்கலாம். தெனமும் காலையில அயர்ன் பண்ண சட்ட, டை கட்டிக்கிட்டு கெளம்பற மனுஷன்கிட்ட எப்படிக் கேக்கறது, நீங்களே சொல்லுங்க. அவரே சொல்லட்டும். சொல்ற அன்னிக்கு நான் அப்படியான்னு ஆச்சரியப்படணும், அதுக்கு கண்ணாடி முன்னாடி நின்னு பழகிக்கிட்டு இருக்கேன். இன்னும் சரியா வரல.

அந்த மூணு சுத்து இருக்கே. மாடி ஜன்னல்லேர்ந்து பாப்பேன். மொத சுத்துல வரது கேன்டீன்காரர், தோள் தொங்கியிருக்கும். ரெண்டாவது சுத்துல டைய எடுத்து மாட்டுவாரு. மூணாவது சுத்துல ஆபீசர் வந்துடுவாரு. அஞ்சு நிமிஷம் வேணும் அவருக்கு. பஸ்ல வந்தா அதுக்கு எங்க போவாரு?

மூணு நாளா பஸ்லதான் வராரு. கார் இங்க கெடக்குது, ஆனா வாசன வருதே. செவ்வாக்கெழம, கார் வாசன இந்த டையில ஊறிப் போச்சுன்னு அவரா சொன்னாரு. புதன்கெழம, பஸ்ல பக்கத்துல ஒரு சமையல்காரர் உக்காந்துட்டாருன்னாரு. நேத்து தலயக் குனிஞ்சுக்கிட்டு நேரா குளிக்கப் போயிட்டாரு. நான் கேக்கவே இல்ல தம்பி, ஆனா பதில் சொல்லிக்கிட்டே இருக்காரு. இன்னிக்கு என்ன சொல்லுவாரு? ஒண்ணு அந்த வேலய விடுவாரு, இல்ல என் மூஞ்சியில முழிக்கறத விடுவாரு. எனக்கு ரெண்டும் வேணாம்.

அவ்வளவுதான். குழாய மாத்துங்க. எங்க அண்ணன் கேட்டா, டேங்க்கு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, கழட்ட வரலன்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா, உங்க வீட்டம்மா டீசலுக்கு மாத்துங்கன்னு ஒரே சண்ட சார், நான்தான் இவ்வளவு நல்ல வேலையக் கெடுக்க மனசில்லாம விட்டுட்டேன்னு சொல்லுங்க. யாராவது ஒரு மெக்கானிக் வாயால அவர் வேலைய நல்ல வேலைன்னு கேக்கட்டும்.

மணி என்ன ஆச்சு? அஞ்சா? போதும். டேங்க்ல அவர் ஊத்தின எண்ணெய் பாதிக்கு மேல இருக்குல்ல? நேரா வீட்டுக்குப் போக மாட்டேன். நல்லா சூடேத்தி, எண்ணெய்க்கு மாத்தி, எங்க தெருவ ஒரு பத்து சுத்து சுத்துவேன். கேமரா பாத்தா பாக்கட்டும், நாய் வந்தா வரட்டும். கடைசி அஞ்சு நிமிஷம் டீசல்தான், மறக்க மாட்டேன். அவர் பஸ்ஸ விட்டு இறங்கறப்போ தெரு பூரா அந்த வாசன நிக்கணும் தம்பி. அப்ப அவர் யாருக்கும் எதுவும் சொல்லாம வீட்டுக்குள்ள வரலாம்.