பதினொன்றா, பன்னிரண்டா

சறுக்குப் படகுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். நேற்று விசாரணையில் நீங்கள் கேட்டபோதும் அப்படித்தான் ஆயிற்று, ஐயா. சிரித்தேன் என்று உங்கள் எழுத்தர் குறித்துக்கொண்டார். தவறாக நினைக்க வேண்டாம். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

வாயால் சொன்னால் பாதியில் தடுமாறுவேன். எழுதினால் ஒழுங்காக வரும். மாலை வகுப்பில் இன்ஜின் பழுதுபார்ப்பு படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் நோட்டில் எழுதுகிறேன்.

கார் மேட்டில் ஏறும், இறங்கும், சிக்னலில் நின்று மூச்சு வாங்கும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் தண்ணீரில் சறுக்கி வரும்போது படகுக்கு இறக்கம் என்பதே இல்லை, எந்நேரமும் மேடுதான். காருக்கான மெல்லிய எண்ணெய் அந்தச் சூட்டில் ரசமாக இளகிவிடும். போதாக்குறைக்குப் படகு பாதி வாரம் ஈரத்திலேயே தூங்குகிறது. துரு பிடிக்காமல் காக்கும் சரக்கும் எண்ணெயில் இருக்க வேண்டும். எனவே படகுக்கென்றே செய்த கெட்டியான எண்ணெய். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அப்படிச் சந்தேகமில்லாத விஷயங்கள் என் வாழ்க்கையில் குறைவு.

அத்தான் என்னை 'டவுட்டு' என்றுதான் கூப்பிடுவார். அக்கா புருஷன். படகு அவருடையது. அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன் நான், ஆகவே பெயர் பொருத்தம்தான். படகைக் கழுவுவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் படகுத்துறையில் நாலு பேர் கூடியிருக்கும்போது இதே பேச்சு வரும்.

“டவுட்டு, எண்ணெய்னா வழவழன்னு இருக்கணும். அவ்வளவுதான்டா. என் கார்ல ஒரு கேன் கிடக்கு, எடுத்து ஊத்து.”

“அது கார் எண்ணெய், அத்தான்.”

“அது படகுக்குத் தெரியுமா? நீ போய்ப் போட்டுக் குடுத்துடாத.”

எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிறகு யாருக்கும் தெரியாமல் சரியான எண்ணெயை வாங்கி ஊற்றிவிடுவேன். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடும். உடனே அத்தான் என் தோளில் தட்டி, “பாத்தியா, கார் எண்ணெய்லயே என்னமா ஓடுது” என்பார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் நான் சரியாகச் செய்தேன். அதனாலேயே மூன்று வருடமும் அவர் சொன்னதுதான் சரியாயிற்று.

இந்த முறை அவர் சொன்ன கேனையே எடுத்து ஊற்றினேன். பெரியவர்கள் சொல் கேட்டேன், வேறொன்றுமில்லை. அளவு மட்டும் கொஞ்சம் குறைவாக விட்டேன், டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும்.

எதையும் குத்துமதிப்பாகச் செய்ய எனக்கு வராது. அந்த எண்ணெயில் இன்ஜின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வகுப்பில் ஒரு விடுகதை போலக் கேட்டேன். வாத்தியாருக்கு ஒரே குஷி. கரும்பலகை நிறைய வழிமுறையை எழுதிக் காட்டினார்.

“விடைய நீயே போடு. முதல்ல வர்றத மட்டும் அழிக்காத. உன் நோட்டுல முதல் விடை எல்லாம் சரி, அழிச்சு எழுதினதுதான் தப்பு. அந்த ரப்பரத் தூக்கி ஏரியில போடுய்யா” என்றார்.

வீட்டில் உட்கார்ந்து போட்டேன். பதினொரு மணி நேரம் என்று வந்தது. ஏரித் தண்ணீர் குளிர்ச்சி, அதுதானே இன்ஜினைக் குளிர வைக்கிறது, அதை நான் போதுமான அளவு சேர்த்தேனா என்று ஒரு சந்தேகம். அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

படகில் இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. செவ்வாய்க்கிழமை எண்ணெய் மாற்றியபோது அதில் 412. சனிக்கிழமை மாலை 422. ஞாயிறு காலை வழக்கம்போல அத்தான் சறுக்குவார், அக்கா ஓட்டுவாள், அவர் விழுந்தால் சொல்வதற்கு நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்த ஓட்டம் ஒன்றரை மணி நேரம். அக்காவைத் துறையில் இறக்கிவிட்டு அத்தான் தனியாக ஏரியின் கோடிக்குப் பெட்ரோல் போடப் போவார். பெட்ரோல் துறை தடுப்பணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழையால் அந்த வாரம் மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது மணி அங்கே போய் முடியும். அழகான கணக்கு.

நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, பரீட்சை இருக்கிறது என்று சொன்னேன். சனிக்கிழமை இரவு அக்கா போன் செய்தாள்.

“டேய், படகுல நங்கூரத்தக் காணோமே.”

“துரு பிடிச்சிருந்துச்சுக்கா. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பெயின்ட் அடிச்சிட்டிருக்கேன்.”

“நீ ஒருத்தன் இருக்கங்கிற தைரியத்துலதான்டா நான் ஸ்டீயரிங்க தொடுறேன். நல்லா எழுது, போ.”

நீங்கள் காட்டிய புகைப்படத்தில் மீட்டர் 423இல் நின்றிருக்கிறது. அணைக்கு முன்னால் இருக்கும் சிவப்பு மிதவைகளிடம் படகைத் திருப்பும் நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. கயிறு தொய்ந்ததும் அத்தான் தண்ணீரில் அமிழ்ந்தார். மிதவை அங்கி போட்டிருந்ததால் மேலே வந்து ஒரு மிதவையின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று தெரிந்தும் அக்கா பதற்றத்தில் இருக்கைக்கு அடியில் நங்கூரத்தைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அவர் சொல்கிறார். அது என் பால்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பூச்சு அடித்திருந்தேன். மதகு வழியாகப் படகு கவிழ்ந்துதான் போயிற்று என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ சொன்னதுதான்டா சரி. எண்ணெய் விஷயத்துல நீதான் சரி” என்றார். டவுட்டு என்று கூப்பிடவில்லை.

உங்கள் அறிக்கையில் விபத்து என்று இருக்கிறது. அது தப்பான விடை, ஐயா. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தெரிந்தேதான் ஊற்றினேன், தெரிந்தேதான் நங்கூரத்தை எடுத்தேன். ஆனால் அக்கா என் கணக்கில் இல்லவே இல்லை.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தேழாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பன்னிரண்டுக்கு அடியில் பதினொன்று தெரியும். அதை அழிக்காமல் விட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அக்காவை அன்றைக்கு வீட்டில் உட்கார வைத்திருப்பேன். ஆக, நடந்ததற்கெல்லாம் என் தன்னம்பிக்கைக் குறைவு ஒன்றுதான் காரணம். ரப்பரை இன்று காலை குப்பையில் போட்டுவிட்டேன். இனிமேல் இப்படி நடக்காது.